பிலால் என்னும் பெயரும் பிலால் என்னும் பணியும்

ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டதும் நம் ஊர்களில் மேடைகள் எழும், மலர்கள் வெளிவரும். ‘இஸ்லாமும் சமத்துவமும்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரையேனும் இல்லாத மீலாது மலரை நாம் கண்டதில்லை. அக்கட்டுரைகளுள் ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களின் திருப்பெயர் வராத ஒன்றையும் கண்டதில்லை. முப்பது ஆண்டுகளாக இவ்வெழுத்துகளைப் படித்து வருகிறோம். அவற்றுள் சிலவற்றை நாமே எழுதியும் இருக்கிறோம். ஆதலின் இங்கு நாம் செய்யப் புகும் திறனாய்வு பிறர் குற்றம் காணும் முயற்சியன்று. நம் எழுத்தையும் சேர்த்தே தராசில் வைக்கிறோம்.

பிலால் (ரலி) அவர்களைப் பற்றிய நம் கட்டுரைகளை அடுக்கி வைத்து நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலனாகும். அவை பெரும்பாலும் மூன்று காட்சிகளால் ஆனவை. முதலாவது, மக்காவின் சுடுமணலில் மார்பின்மேல் பாறை சுமந்த காட்சி. இரண்டாவது, ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 630-இல், மக்கா வெற்றியின்போது கஅபாவின் மேல் ஏறிப் பாங்கு சொன்ன காட்சி. மூன்றாவது, பெருமானார் (ஸல்) அவர்களின் மறைவுக்குப்பின் பாங்கு சொல்ல நாவெழாது கலங்கிய காட்சி. முதற்காட்சியில் துன்பம், இரண்டாவதில் வெற்றி, மூன்றாவதில் பிரிவு. மூன்றும் படிப்போர் கண்களை நனைப்பவை. அவற்றின் உயர்வை மறுப்பதற்கில்லை.

ஆனால் இம்மூன்று காட்சிகளுக்கும் இடையே சற்றொப்பப் பத்தாண்டுகள் இருக்கின்றன. அப்பத்தாண்டுகளில் அப்பெருந்தகை என்ன செய்தார்? பணி செய்தார். நாள்தோறும் ஐவேளையும் செய்தார். மதீனாவின் பள்ளிவாசல் அவருடைய பணியிடமாக விளங்கியது. அப்பணி அவருக்கு எவ்வாறு அளிக்கப்பட்டது, எவ்வாறு பகிரப்பட்டது, எத்தகைய நம்பிக்கையோடு ஒப்படைக்கப்பட்டது என்பனவற்றை நம் கட்டுரைகள் கேட்பதில்லை. நாமும் கேட்டதில்லை, ஒரு மோதினார் நம்மைக் கேட்கும் வரையில்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் மீலாது மேடையில் நாம் பிலால் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றினோம். கூட்டம் உருகியது. அவ்வூர்ப் பள்ளியின் மோதினார், அறுபதை நெருங்கியவர், அன்று மாலை முதல் நாற்காலி அடுக்கினார், பாய் விரித்தார், மேடையில் இருந்தோர்க்குத் தேநீர் கொணர்ந்தார், இஷாவுக்குப் பாங்கும் சொன்னார். யாவும் முடிந்து விளக்கணைக்கும் வேளையில் நம்மிடம் வந்து, தயங்கியவாறே, “ஹஜ்ரத், ஒண்ணு கேக்கணும். பிலால் நாயகத்துக்கு மாத்தாள் யாராச்சும் இருந்தாங்களா?” என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றோம். “மக வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தங்கணும்னா பாங்குக்கு ஆள் இல்லேங்கறாங்க. அதான் கேட்டேன்” என்றார்.

ஒரு மணி நேரம் பேசிய நமக்கு அந்த ஒரு வினாவுக்கு உடனே விடை கூற நா எழவில்லை. விடை நாம் ஓதிய நூல்களிலேயே இருந்தது. ஓதியபோது அதனை நோன்பின் ஸஹர் நேரம் பற்றிய சட்டமாக ஓதினோமேயன்றி, ஒரு பணியாளருக்கு மாற்றாள் இருந்த வரலாறாக ஓதவில்லை.

அந்த விடையை இங்கு விரித்துரைப்போம். மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு முஅத்தின்கள் இருவர் இருந்தனர் என்பது ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் காணப்படும் செய்தி. ஒருவர் பிலால் (ரலி). மற்றவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). இரண்டாமவர் கண்பார்வை அற்றவர். ‘அபஸ’ அத்தியாயம் எவர் பொருட்டு இறங்கியதோ அவரே இவர். ரமளானில் பிலால் அவர்கள் இரவு இருக்கும்போதே முதற்பாங்கு சொல்வார்கள். உறங்குவோர் விழிப்பதற்கும் உண்போர் உண்பதற்கும் அது அறிவிப்பு. வைகறை தோன்றியதும் இரண்டாம் பாங்கைச் சொன்னவர் இப்னு உம்மி மக்தூம். விடிந்ததைக் காண அவருக்குக் கண்ணில்லை. விடிந்துவிட்டது என்று மக்கள் வந்து சொல்வார்கள். அதன்பின்னரே அவர் குரலெடுப்பார். இச்செய்தி புகாரியில் உள்ளது.

இதனைச் சற்றே நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். வைகறையைக் கண்டு அறிவிக்கும் பணி, பார்வை அற்ற ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. வேறொரு சமுதாயமாயின், ‘கண்ணில்லாதவருக்கு இப்பணி ஆகாது, வேறேதும் உதவி செய்து அனுப்புவோம்’ என்று கூறியிருக்கும். மதீனா அவ்வாறு கூறவில்லை. பணிக்கு வேண்டிய குரலும் நேர்மையும் அவரிடம் இருந்தன. குறைந்தது ஒன்றே, அதனை மற்றவர்கள் ஈடுசெய்தனர். ஆளை மாற்றாமல் ஏற்பாட்டை மாற்றினர். இந்தியாவில் 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணியிடங்களில் நூற்றுக்கு 4 விழுக்காடு ஒதுக்கீடும், பணி செய்வதற்கேற்ற தக்க வசதிகளைச் செய்து கொடுக்கும் கடமையும் விதித்தது. தக்க வசதி என்று அச்சட்டம் கூறுவதன் பொருள், மதீனத்து வைகறையில் எவரோ ஒருவர் நடந்து வந்து ‘விடிந்துவிட்டது’ என்று சொன்ன அந்தச் சிறு செயலே.

இப்னு உம்மி மக்தூம் அவர்களின் பணி பாங்கோடு நிற்கவில்லை. பெருமானார் (ஸல்) போர்களுக்குச் சென்ற வேளைகளில் மதீனாவில் தமக்குப் பதிலாக அவரைப் பலமுறை நியமித்துச் சென்றதை வரலாற்று நூல்கள் பதிந்துள்ளன. சேர்த்துக்கொள்வது ஒன்று, பொறுப்பளிப்பது மற்றொன்று. முன்னதைச் செய்து பின்னதை மறுப்பது பாதி நீதியே.

இனி, பிலால் (ரலி) அவர்கள் தெரிவு செய்யப்பட்ட வரலாற்றைக் காண்போம். பாங்கின் வாசகங்களைக் கனவில் கேட்டவர் அன்ஸாரிகளில் கஸ்ரஜ் குலத்தைச் சேர்ந்த அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). உலக வழக்கின்படி, கனவு கண்டவருக்கே அப்பணியில் முதலுரிமை எனலாம். பெருமானாரோ, பிலாலின் குரல் உம் குரலினும் சிறந்தது; அவருடன் நின்று அவருக்குச் சொல்லிக் கொடும் என்ற கருத்துப்பட அவரைப் பணித்தார்கள் என்று அபூதாவூத் முதலிய நூல்கள் அறிவிக்கின்றன. இதில் இரண்டு செய்திகள் உள. ஒன்று, பணி தகுதிக்கு அளிக்கப்பட்டது. மற்றொன்று, அறிந்தவர் அறியாதவருக்குப் பக்கத்தில் நின்று பயிற்றுவித்தார். குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அவ்வதிகாரத்துக்கு ஓர் உரைகாரர் மதீனாவிலிருந்து எடுத்துக்காட்டுத் தேடினால் இதனினும் பொருத்தமான ஒன்று கிடைப்பது அரிது.

இவ்விடத்தில் நம் எழுத்துகளில் நிலவும் ஒரு பெரும் பிழையைச் சுட்டாமல் இருக்க இயலாது. பிலால் அவர்களுக்கு ‘ஷீன்’ எழுத்து வாராது, ‘ஸீன்’ என்றே ஒலிப்பார்கள், அதனால் சிலர் குறை கூறினர், இறைவனிடத்தில் அவருடைய ஸீனே ஷீன் ஆயிற்று என்று ஒரு கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது, மலர்தோறும் அச்சிடப்படுகிறது. இது அடிப்படையற்றது என்று மிஸ்ஸீ (மறைவு கி.பி. 1341), இப்னு கஸீர் (மறைவு கி.பி. 1373) ஆகிய பேரறிஞர்கள் மறுத்துள்ளனர், ஸகாவீயும் (மறைவு கி.பி. 1497) மக்கள் நாவில் வழங்கும் ஹதீஸ்களைப் பற்றிய தம் நூலில் இதனை எடுத்து ஆய்ந்துள்ளார். அறிவிப்பு ஆய்வு ஒருபுறம் இருக்கட்டும். இலக்கிய நோக்கிலும் இக்கதை அந்த வரலாற்றையே தலைகீழாக்குகிறது. குரலின் சிறப்புக்காகத் தெரிவு செய்யப்பட்டவரை, குறையிருந்தும் இரக்கத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டவராக அது காட்டுகிறது. கேட்போர் உள்ளம் உருகுகிறது. ஆனால் உருகும்போதே, கருநிறத்து அடிமைக்கு அப்பணி சலுகையாகக் கிடைத்தது என்ற எண்ணம் அங்கே ஊன்றப்படுகிறது. தகுதியைச் சலுகையாகக் காட்டும் எந்தக் கதையும் சமத்துவக் கதை ஆகாது.

பிலால் அவர்களிடம் இன்னொரு பொறுப்பும் இருந்தது. பெருமானாரின் செலவினங்களைக் கவனித்தவர் அவரே. ஆடையற்ற ஏழை ஒருவர் வந்தால், பெருமானாரின் ஆணைப்படி கடன் வாங்கி, துணி வாங்கி, உணவளித்து, அக்கடனைப் பின்னர் அடைக்கும் கவலையையும் சுமந்தவர் அவர் என்பதை அபூதாவூதில் காணும் நெடிய அறிவிப்பொன்று விளக்குகிறது. பாங்கு சொன்னவர் கையிலேயே கணக்கும் இருந்தது. உமர் (ரலி) அவர்கள் அவரைத் தலைவர் என்று அழைத்ததும் வெறும் உபசாரமன்று.

இனி நம் ஊர்களை நோக்குவோம். தமிழகத்தின் பல ஊர்களில் ‘பிலால்’ என்பது ஓர் ஆளின் பெயரன்று, பணியின் பெயர். ‘முஅத்தின்’ என்ற அரபுச் சொல் தமிழில் ‘மோதினார்’ ஆயிற்று. அம்மோதினாரோ அவருக்கு உதவியாளரோ ‘பள்ளிவாசல் பிலால்’ என்று அழைக்கப்படுகிறார். 2009-இல் தமிழக அரசு அமைத்த உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நலவாரியத்தின் பட்டியலிலும் இமாம்கள், அரபி ஆசிரியர்கள், மோதினார்கள் என்பவற்றோடு பிலால்கள் என்பதும் ஒரு பணிப்பெயராகவே இடம்பெற்றது. எத்துணை உயர்ந்த பெயர்! ஆனால் அப்பெயரைத் தாங்குவோர் செய்யும் பணி யாது? பாங்கு சொல்வது, ஹவுளைத் தூய்மை செய்வது, ஒளூச் செய்யுமிடத்தைக் கழுவுவது, ஜமாஅத்தின் அறிவிப்புகளை வீடுவீடாகச் சொல்வது, சந்தா வாங்கி வருவது, மையித்து வீட்டுக்குச் சந்தூக்கைக் கொண்டு செல்வது. இவற்றுள் இழிந்தது எதுவும் இல்லை. இவ்வளவையும் ஒருவர் தலையில் ஏற்றி, அவருக்கு விடுமுறையும் மாற்றாளும் இன்றி, ஜமாஅத்துக் கூட்டத்தில் அமர ஓர் இடமும் இன்றி வைத்திருப்பதே இழிவு. பெயரை மதீனாவிலிருந்து எடுத்துக்கொண்டோம். பணியின் ஏற்பாட்டை அங்கேயே விட்டுவிட்டோம்.

புகழும் வாழ்வும் இவ்வாறு பிரிந்து போவது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. பஸராவின் பேரெழுத்தாளர் அல்ஜாஹிள், வெண்ணிறத்தார்க்குமுன் கருநிறத்தார் கொள்ளும் பெருமைகளை எடுத்துரைக்கும் ஓர் ஏட்டை எழுதினார். தொழுநோயர், முடவர், குருடர் முதலியோரைப் பற்றித் தனி நூலும் யாத்தார். அரபு உரைநடையின் அணிகலன்கள் அவை. ஆனால் அதே பஸராவின் புறத்தே, உவர்ப்பு ஏறிய நிலங்களில் மண்ணை அகழ்ந்து அகற்றும் கொடிய வேலையில் கிழக்கு ஆப்பிரிக்க அடிமைகள் உழன்றனர். ஜாஹிள் மறைந்த ஹிஜ்ரி 255-இலேயே, அதாவது கி.பி. 869-ஐ ஒட்டி, அவர்களின் கிளர்ச்சி வெடித்தது. 883 வரை அது நீடித்தது. நகருக்குள் கருநிறத்தாரின் பெருமை ஏட்டில் இருந்தது. நகருக்கு வெளியே அவர்கள் தோளில் மண் கூடை இருந்தது. ஏடு கூடையை இறக்கவில்லை. எழுதுவோர் அனைவரும் நெஞ்சில் இருத்த வேண்டிய பாடம் இது.

இதற்கு மாறான சான்றுகளும் நம்மிடம் உள. அதாஉ இப்னு அபீ ரபாஹ் (மறைவு ஹிஜ்ரி 114, கி.பி. 732) கருநிறத்தவர், ஒற்றைக் கண்ணர், கை முடங்கியவர், கால் ஊனமுற்றவர். ஆயினும் ஹஜ்ஜுக் காலத்தில் அவரன்றி வேறெவரும் ஃபத்வா வழங்கலாகாது என்று உமையா ஆட்சியில் பறை சாற்றப்பட்டது. அவருடைய உடல் எவ்வாறிருந்தது என்று எவரும் கேட்கவில்லை. சட்டம் யாது என்று கேட்டனர்.

இக்காலத்து அலுவலகங்களில் மூன்று சொற்கள் பெரிதும் வழங்குகின்றன. பலதரப்பட்டோரையும் பணியில் அமர்த்துவது, அவரவர்க்கு உரிய நீதியை அளிப்பது, எவரும் வேற்றாளாக உணராமல் இணைத்துக்கொள்வது என்பன அவற்றின் பொருள். இவற்றைத் தமிழாக்குவோர் ‘பன்முகத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம்’ என்று எழுதுகின்றனர். மூன்றாவது சொல் நமக்கு அச்சமூட்டுகிறது. ‘அடக்கம்’ என்றால் நம் வீடுகளில் கபுருஸ்தான் நினைவுக்கு வரும். ஒருவரை உள்ளே அடக்குவது வேறு. உடன் அமர்த்துவது வேறு. ‘அரவணைப்பு’ என்பது ஓரளவு பொருந்தும்.

இரண்டாவது சொல்லிலும் குழப்பம் உண்டு. அரபு மொழியில் ‘முஸாவாத்’ என்பது சமம். ‘அத்ல்’ என்பது நீதி; ஒட்டகத்தின் இருபுறமும் தொங்கும் சுமைகளில் ஒன்றுக்கொன்று ஈடான பாதிக்கு ‘இத்ல்’ என்று பெயர்; இரண்டும் ஒரே வேர். ‘கிஸ்த்’ என்பது பங்கு. அவரவர்க்கு உரியதை அவரவரிடம் சேர்ப்பது. சமம் என்பது அனைவருக்கும் ஒரே அளவு. நீதம் என்பது சுமை சாயாமல் பார்ப்பது. அபூபக்கர் (ரலி) அவர்கள் பொது நிதியை அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். உமர் (ரலி) அவர்களோ திவான் ஏற்படுத்தியபோது தொண்டின் முதன்மை நோக்கி ஏற்றத்தாழ்வுடன் வழங்கினார்கள். விடுதலை பெற்ற அடிமை ஸைதின் மகன் உஸாமாவுக்குத் தம் சொந்த மகனைவிடக் கூடுதலாக வைத்தார்கள். எது சிறந்தது என்று அறிஞர் வாதிட்டுள்ளனர். ஆனால் இருவருமே கணக்கை வெளிப்படையாக வைத்தனர், காரணத்தைச் சொல்லினர், தமக்குரியோரை முன்னே நிறுத்தவில்லை. இம்மூன்றும் இல்லாத இடத்தில் சமத்துவமும் இல்லை, நீதமும் இல்லை.

சொல்லால் மட்டும் கட்டப்படுவது சொல்லாலேயே இடிந்துவிடும். அமெரிக்க நாட்டில் 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பின் பணியிட நீதி பற்றிய முயற்சிகள் பல வளர்ந்தன. 2025 ஜனவரியில் அந்நாட்டு அதிபரின் ஆணைகளால் மத்திய அரசின் அலுவலகங்களில் இத்தகைய திட்டங்கள் நிறுத்தப்பட்டன. பலகையை ஒரே நாளில் கழற்றிவிடலாம். பணி முறையில் ஊறிய பழக்கத்தை அவ்வளவு எளிதாகக் கழற்ற இயலாது. இங்கே, 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை வசதி செய்து தரவேண்டும் என்பது அதன் சாரம். ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றே பணியாற்றுவோர்க்கு ஒரு முக்காலி! கடை நடத்தும் நம் சமுதாயப் பெரியோர், சட்டம் வருவதற்கு முன்னரே அந்த முக்காலியைப் போட்டிருந்தால், மீலாது மேடைக்கு அது எத்துணை அழகிய தலைப்பாக இருந்திருக்கும்!

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறோம். பாங்கு சொல்வது இபாதத்து. அதற்கு ஊதியம் பேசலாமா, முன்னோர் ஆகாதென்றனரே என்று சிலர் வினவக்கூடும். முற்கால ஹனஃபீ இமாம்கள் அவ்வாறு கூறியது உண்மையே. ஆனால் அவர்கள் காலத்தில் பொதுக் கருவூலம் அத்தகையோரின் வாழ்வைத் தாங்கியது. அக்கொடை நின்றுபோனபின், பிற்கால ஹனஃபீ அறிஞர்கள், பள்ளிகள் பாழாகாதிருக்கும் பொருட்டு ஊதியம் கூடுமென்று தீர்ப்பளித்தனர். ஆகவே முற்காலத் தீர்ப்பை எடுத்துக்காட்டுபவர் முற்காலக் கருவூலத்தையும் உடன் கொணர வேண்டும். கருவூலத்தை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்வது கல்வியன்று, கஞ்சத்தனம். 1993-இல் உச்சநீதிமன்றம் இமாம்களின் ஊதியத்துக்குத் திட்டம் வகுக்குமாறு ஆணையிட்டது. நீதிமன்றப் படியேறி நம் இமாம்கள் கேட்கும் நிலை வந்ததே என்று நாம் வெட்கியிருக்க வேண்டும்.

பள்ளிகள் சிலவற்றில் வருவாய் குறைவு என்பதும் மெய்யே. எனினும் மாற்றாளுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஊரில் குரல் வாய்ந்த இளைஞர் இருவருக்குப் பாங்கு பயிற்றுவித்து முறை வைத்தால் போதும்; பயிற்றுவிப்பவராக அம்மோதினாரையே அமர்த்தினால் மேலும் நன்று. கண்பார்வையற்ற ஹாஃபிள்கள் நம்மிடையே உளர்; அவர்களை யாஸீன் ஓதவும் ஸதக்கா பெறவும் மட்டும் அழைக்காமல் முறைப்பட்டியலில் சேர்க்கலாம். பணியாளருக்கு இன்னது கடமை, இன்னது ஊதியம், இன்னது ஓய்வு என்று எழுதி வைக்கலாம். ஜமாஅத்துக் கூட்டத்தில் அவர் பேச்சையும் ஒருமுறை கேட்கலாம்.

எழுதுவோர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மலருக்குப் பிலால் (ரலி) அவர்களைப் பற்றி எழுத அமர்வோர், சுடுமணலையும் கஅபாவின் மேற்றளத்தையும் எழுதுக. அவற்றோடு அந்தப் பத்தாண்டுகளின் பணிநாள்களையும் எழுதுக. ஷீன் கதையை விடுக. இரண்டாம் முஅத்தினை மறவாதீர். எழுதி முடித்து, தம் மஹல்லாவின் மோதினாரிடம் அதனைப் படித்துக் காட்டுக. அவர் முகத்தில் ஐயம் தோன்றினால் கட்டுரையைத் திருத்த வேண்டியதில்லை. மஹல்லாவைத் திருத்த வேண்டும்.

அன்றிரவு நாம் அந்த மோதினாருக்கு விடை கூறாமலே விடைபெற்றோம். ஒரு வாரம் கழித்து நூல்களைப் புரட்டி, இப்னு உம்மி மக்தூம் அவர்களைப் பற்றிய அறிவிப்பை எடுத்தெழுதி, அவ்வூர் முதவல்லிக்கு ஒரு மடலும் அவருக்கு ஒரு மடலும் விடுத்தோம். முதவல்லியிடமிருந்து மறுமொழி இல்லை. மோதினார் மட்டும் ஓர் அஞ்சலட்டை எழுதினார். மகள் வீட்டுக்கு இன்னும் போகவில்லை என்றும், ஆனால் நம் மடலைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும் அதில் இருந்தது. அம்மடல் அவர் பெட்டியில் இருப்பதனால் யாருக்கு என்ன பயன் என்று நாம் பன்முறை எண்ணியதுண்டு. ஆகவே அதனை இன்று இங்கே அச்சில் தந்துள்ளோம்.